வீட்டுப் பேர் லயம்

வெள்ளிக்கிழமை காலையில் கிளினிக்கில் இருந்தவர்கள் இவர்கள். நான், பேச்சியம்மாள். என் வீட்டுக்காரர் ராசு. மகள் முத்து, இடுப்பில் அவள் பிள்ளை. கவுண்டரில் ரம்யா. ஊசி போடும் அறையில் ஜெஸி சிஸ்டர். உள்ளே டாக்டரம்மா. பெஞ்சில் நாய் கடித்த கையோடு ஒரு வடநாட்டுக்காரர். அவ்வளவுதான்.

கிளினிக்கின் பேரை எழுதவில்லை. கேரளப் பக்கம், கம்பம்மெட்டுக்கு உள்ளே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. நல்லவர்கள். அதனால்தான் இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் அஞ்சாவது வரை படித்தவள். மெதுவாகத்தான் எழுதுவேன். இதே மாத்திரை தின்கிறவர்களுக்கு உபயோகப்படும், எழுதும்மா என்று முத்து சொன்னாள். எழுதுகிறேன்.

அன்றைக்கு என் வாயில் துணி இருந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் பல் ஈறில் ரத்தம் வந்தது. துப்பினேன். நிற்கவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். நிற்கவில்லை. விடிந்தபோது தலையணை நனைந்திருந்தது. தொடையிலும் முழங்கையிலும் நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. எங்கும் விழவில்லை. ராசு அதைப் பார்த்துவிட்டு, "சரிவுல வழுக்கி விழுந்துட்டு மறைக்கிறியா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா என் நோட்டைத் திறந்தார். "செவ்வாய்க்கிழமை ஒண்ணு புள்ளி மூணு. ரத்தம் கெட்டியாத்தானே இருக்கு. அப்புறம் எப்படி நிக்காம வருது?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. ஜெஸி சிஸ்டரிடமும் கேட்கவில்லை. நோட்டிடம் கேட்டார். ஜெஸி சிஸ்டர் நோட்டைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஒண்ணு புள்ளி மூணு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் காயெடுப்பு நேரம். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். குனிந்தும் குத்தவைத்தும் எடுக்க வேண்டும். மழைக்குப் பிளாஸ்டிக் கொங்காணி போட்டுக்கொண்டு நாள் முழுக்க அப்படியே இருப்போம். இடது கெண்டைக்கால் வீங்கியது. அட்டைக் கடி என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவினோம். மூணாம் நாள் தொடை வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. கட்டப்பனை ஆஸ்பத்திரியில் காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் வைக்கிற அதே மிஷினைத் தொடையில் வைத்து அழுத்தினார்கள். உள்ளே ஆழத்தில் ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றது. அது பேர்ந்து நெஞ்சுக்குப் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். வயிற்றில் ஊசி போட்டார்கள். பிறகு வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.

இந்த மாத்திரை ரத்தத்தை லேசில் உறைய விடாது. குறைந்தால் கட்டி வரும். கூடினால் ரத்தம் ஒழுகும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு பரிசோதனை. மாத்திரை தின்னாத ஆளுக்கு அது ஒன்று இருக்கும். எனக்கு ரெண்டுக்கு மேலே, மூணுக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு இது புரியவில்லை. ராசு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்க்கிறார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "சூடு கம்மின்னா காயில பூஞ்சை பிடிக்கும். கூடுனா வெடிச்சிரும். நடுவுல வச்சாத்தான் பச்சை நிக்கும். அதான் டாக்டரு சொல்றாக," என்றார். அன்றிலிருந்து வீட்டில் என் ரத்தத்துக்கு அவர்தான் ஸ்டோர்க்காரர். அரிவாள்மனையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். காய்கறி அவரே நறுக்கினார். கண்ணாடி வளையல் உடைந்தால் கையைக் கிழிக்கும் என்று முத்து என் வளையலைக் கழற்றி ரப்பர் வளையல் போட்டுவிட்டாள்.

கட்டப்பனை தூரம் என்பதால் பரிசோதனை எங்கள் கிளினிக்கில். செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுப்பார்கள். லேபிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து பெட்டியில் வைத்து எடுத்துப் போவார். சாயந்திரம் நம்பரைப் போனில் சொல்வார்கள். புதன்கிழமை டாக்டர் அந்த நம்பரைப் பார்த்து அளவு எழுதுவார். நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அஞ்சு மாதம் மூணு மில்லி மாத்திரையில் ஒழுங்காக ஓடியது. 2.2, 2.4, 2.3.

குழப்பம் வேறு விதத்தில் இருந்தது. பெரிய டாக்டர் வரும் நாளில் கீரையைத் தொடாதே என்பார். டாக்டரம்மா வரும் நாளில், எப்போதும் தின்கிற அளவு தின்னு, திடீரென்று கூட்டாதே, குறைக்காதே என்பார். ஒரு சிஸ்டர் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை என்பார். இன்னொருவர் பின்னால் என்பார். ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒருவர் முகத்தைப் பார்த்தே, "வரூ" என்பார். யார் இருக்கிறாரோ அவர் சொன்னதைச் செய்தேன். நாலு கங்காணிகளுக்குக் கீழே வேலை பார்த்தவளுக்கு அது பழக்கம்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

சீட்டு எழுதும்போது ரம்யாவின் கம்ப்யூட்டர் முதலில் மூணு கேட்கும். பேர், வீட்டுப் பேர், வயசு. மலையாளிகளின் வீட்டுக்கு ஒரு பேர் உண்டு. எங்களுக்கு அப்பா பேரின் எழுத்துதான். அதற்குக் கம்ப்யூட்டரில் இடமில்லை. வீட்டுப் பேரைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. முதல் நாள் ரம்யா, "எவிடெயா தாமசம்?" என்றாள். எங்கே குடியிருக்கிறாய் என்று அர்த்தம். "லயத்துல," என்றேன். தோட்டத்தில் எங்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். வீட்டுப் பேர் லயம் என்று அடித்துவிட்டாள். வயசு கேட்டாள். ரேஷன் கார்டில் ஒன்று இருக்கிறது, ஓட்டுக் கார்டில் ஒன்று இருக்கிறது. ஐம்பது என்றேன். பிறகு எங்கள் ஆட்கள் யார் போனாலும் கேட்குமுன்பே லயம் என்று சொல்லிவிடுவோம். வரிசை சீக்கிரம் நகரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னால் புதிதாக ஒருத்தி நின்றாள். கையில் தூக்குச்சட்டி. ரம்யா பேர் கேட்டாள். "பேச்சியம்மா," என்றாள். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். வீட்டுப் பேர் கேட்டாள்.

"வீட்டுக்கு எதுக்குத்தா பேரு? நாங்க என்ன கப்பலா வச்சிருக்கோம்?"

"லயம்னு சொல்லு," என்றேன்.

"நான் லயத்துல இல்லியே மதினி."

"யாரு வந்து பாக்கப் போறா? சொல்லு. பின்னால ஆளு நிக்கிது."

சொன்னாள். ரம்யா வயசு கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்பதுன்னு சொல்லு," என்றேன்.

சொன்னாள். அவளுக்கு நெஞ்சில் வால்வு மாற்றி ஆபரேஷன் நடந்திருந்தது. வால்வு என்றால் இதயத்துக்குள் ரத்தம் ஒரு பக்கமாகப் போக இருக்கும் கதவு. அவளுக்கும் வார்ஃபரின். அவளுக்கும் ஐ.என்.ஆர். அவளுக்கு மட்டும் ரெண்டரைக்கு மேலே இருக்க வேண்டுமாம்.

அந்த வாரம் என் நோட்டில் 1.6 என்று இருந்தது. மாத்திரையை நாலு மில்லி ஆக்கினார்கள். அடுத்த வாரம் 1.4. அஞ்சு மில்லி. அதற்கடுத்த வாரம் 1.3. ஆறு மில்லி. "மாத்திரையை ஒழுங்காத் தின்னுறீங்களா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். ஒழுங்காகத் தின்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து நானே நம்பவில்லை. உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கையில் நீலம் வர ஆரம்பித்தது. ராசு, "நோட்டு ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. எத நம்புறது?" என்றார். படித்தவர்கள் எழுதியதை நம்பலாம் என்றேன்.

கட்டப்பனையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நம்பர் வந்தது. 8.2.

தமிழ் தெரிந்த ஒரு இளம் டாக்டர் இருந்தார். என் நோட்டையும் அந்தச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "மூணு நாள்ல 1.3லருந்து 8.2க்கு ஏறாது. மொத்தமா மாத்திரை எதுவும் முழுங்கினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ராசுவை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒரு சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாக, வீட்டில் ஏதும் பிரச்சினையா, அவர் அடிப்பாரா, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் கையைப் பார்த்தேன். விளங்கியது.

"அந்த மனுசன் ரேடியோவத்தான் அடிப்பாரு. அதுவும் பாடலைன்னா," என்றேன்.

வெளியே ராசு குனிந்துகொண்டு நிற்பது கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. முத்து பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். அவரைச் சும்மா நிற்க விடக் கூடாது என்று கொடுத்தாளாம். பிறகு அவள் தன் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு பில் கட்டப் போனாள். பில்லைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே என்று ஒரு மருந்தைக் குழாயில் ஏற்றினார்கள். எனக்கு அதுவும் பயமாக இருந்தது. ஆறு மாதம் உறையாமல் இருக்க மருந்து. இன்றைக்கு உறைய மருந்து. காலில் மறுபடி கட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன். "பாத்துப் பாத்துத்தான் குடுக்கிறோம்," என்றார் டாக்டர்.

படுத்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தேன். 1.3 என் உடம்பில் இல்லை என்றால் யாருடையது என்று யோசித்தேன். அப்போது புதன்கிழமை ஞாபகம் வந்தது. ஜெஸி சிஸ்டர் நோட்டுகளை வைத்துக்கொண்டு, "பேச்சியம்மா, லயம்," என்று கூப்பிட்டார். ரெண்டு பேர் எழுந்தோம். எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் தாளைப் பார்த்து முதலில் வந்தவளுக்கு ஒன்று, பின்னால் வந்தவளுக்கு ஒன்று கொடுத்தார். வெளியே வந்ததும் அந்தப் பேச்சி, "எனக்கு ஆறுக்கு மேல போயிருச்சாம் மதினி. மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாக. உனக்கு?" என்றாள். "எனக்குக் கூட்டிட்டாக," என்றேன். "பேரு ஒண்ணு, ரத்தம் வேற," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஆறு என்னுடையது. 1.3 அவளுடையது.

எழுந்து உட்கார்ந்து டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். சொன்னேன். அவர் என் நோட்டை மறுபடி எடுத்துப் புரட்டினார்.

"அந்தம்மாவுக்கு வால்வு ஆபரேஷனா?"

"ஆமாங்க."

"மாத்திரை நிறுத்தி எத்தனை நாள்?"

"புதன்லருந்து. இன்னைக்கு மூணாவது நாளு."

"ஏற்கெனவே குறைவா இருந்ததுல நிறுத்திருக்காங்க. வால்வுல ரத்தம் கட்டி, அது தலைக்குப் போச்சுன்னா ஒரு பக்கம் விழுந்துரும். உயிரும் போகலாம். உடனே கூட்டிட்டு வரணும். எங்க இருக்காங்க?"

"தெரியாதுங்க. வீட்டுப் பேரு லயம்னு எழுதிருக்கு. ஆனா லயத்துல இல்ல."

அவர் கிளினிக்குக்குப் போன் போட்டார். ஜெஸி சிஸ்டர் எடுத்தார். கம்ப்யூட்டரில் இருந்த போன் நம்பர் அவளை ஏற்றி வருகிற ஜீப் டிரைவருடையது. தமிழ்நாட்டு சிம். அது அடிக்கவே இல்லை. அவள் தினமும் கம்பத்துப் பக்கமிருந்து மேடு ஏறி வேலைக்கு வருகிற ஆள். எந்தத் தோட்டம் என்று யாரும் எழுதவில்லை. நாலு மணிக்கு ஜீப்புகள் திரும்பிவிடும். நாங்கள் இதைக் கண்டுபிடித்தபோது அஞ்சாகிவிட்டது.

நான்தான் லயம் என்று சொல்லச் சொன்னேன். அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

மறுநாள் நடந்ததை ராசு சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியுமுன்னே கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஜெஸி சிஸ்டர் அவருக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். வெள்ளை யூனிபாரம், மேலே ஸ்வெட்டர், பனிக்குத் தலையில் துண்டு. ஒவ்வொரு ஜீப்பாகக் கை காட்டி நிறுத்தினார்கள். ஒரு ஜீப்பில் பதினஞ்சு பேர் இருப்பார்கள். "பேச்சியம்மா இருக்கா?" என்று ராசு கேட்டால் மூணு கை தூக்கும்.

"எந்தப் பேச்சி வேணும் அண்ணே? எங்க கிட்ட சிவப்பு, கறுப்பு எல்லாம் இருக்கு."

"காலங்காத்தால சிஸ்டரோட நின்னு பொம்பளையத் தேடுறாரு. மதினி ஆஸ்பத்திரியிலயாம்ல?"

ஜெஸி சிஸ்டர், "சிரிக்கண்டா. நெஞ்சில ஆபரேஷன் செஞ்ச பேச்சியம்மா. வால்வு வச்சவங்க," என்றார்.

ஜீப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி, "கடிகாரப் பேச்சியா?" என்றாள்.

அவளுக்கு வைத்திருப்பது இரும்பு வால்வு. அமைதியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு டிக் டிக் என்று கேட்குமாம். ஜீப்பில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். மூணு ஜீப் பின்னால் வருகிறாள் என்றார்கள்.

வந்தாள். கடைசி சீட்டில் இருந்தாள். ராசு விஷயத்தைச் சொன்னார். அவள் இறங்கவில்லை.

"நேத்தும் வேலை இல்ல. இன்னைக்கும் போகலைன்னா கங்காணி வேற ஆளப் போட்டுருவாக. ஞாயித்துக்கிழம வாரேன்."

"சேச்சி, இறங்குங்க," என்றார் ஜெஸி சிஸ்டர். "நீங்க இறங்கலேங்கில் ஞான் ஏறும். அப்புறம் நானும் காயெடுக்க வேண்டியதுதான்."

ஜீப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு தூக்குச்சட்டியை எடுத்தாள். அது கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்து கஞ்சி கொட்டியது. "காலையிலருந்து இந்தக் கையி மரத்த மாதிரி இருக்கு. பனிதான்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஜெஸி சிஸ்டர் அவள் வலது கையைப் பிடித்தவர், கட்டப்பனை வரைக்கும் விடவில்லையாம்.

அவளுக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். வால்வின் ஓரத்தில் சின்னதாக ரத்தம் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்குத் தலைக்குப் போயிருக்கலாம், கையோடு நின்றது அதிர்ஷ்டம் என்றார்கள். நம்பர் 1.2. ஹெப்பாரின் என்று ஒரு மருந்தைச் சின்ன மிஷினில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கட்டியிருப்பது வளராமல் இருக்க அது. ஐ.சி.யு.வில் ரெண்டு நாள் வைத்தார்கள். பிறகு பெண்கள் வார்டில் இடம் இருந்த கட்டிலில் போட்டார்கள். என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்.

எனக்கு உறைய மருந்து கொடுத்த அதே வார்டில் அவளுக்கு உறையாமல் இருக்க மருந்து. ஒரே பேர். ஒரே வயசு. மாற்றி ஏற்றினால் ரெண்டு பேரும் போய்விடுவோம். நான் எழுந்து நின்று, "என்னைய வேற ரூமுக்கு மாத்துங்க, இல்ல அவள மாத்துங்க," என்றேன். வார்டு சிஸ்டர் வயசானவர், மலையாளி, அதிகம் பேச மாட்டார். "இவிடே அப்படி மாறாது," என்றார். நான் நம்பவில்லை. ராசு ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வருகிற ஊசியை எல்லாம் ஸ்டோரில் மூட்டை எண்ணுகிற மாதிரி பார்த்தார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கையில் பட்டை கட்டியிருந்தார்கள். அதில் நம்பர். ஒவ்வொரு தடவையும், மாத்திரையோ ஊசியோ ரத்தமோ, வருகிறவர், "உங்க பேரு என்ன? அம்மா பேரு என்ன?" என்று கேட்பார். நாம்தான் சொல்ல வேண்டும். பிறகு பட்டையைப் பார்ப்பார். பிறகு தாளைப் பார்ப்பார். முகம் தெரிந்தாலும் கேட்பார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தாலும் கேட்பார். முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு ஞாபகமே இருக்காதா என்று நினைத்தேன்.

"நான் பேச்சியம்மாதான், தெரியாதா?" என்றேன்.

"தெரியும். ஆனாலும் நீங்க சொல்லணும்," என்றார் மருந்தோடு வந்த சிஸ்டர், அடுத்த கட்டிலைக் காட்டி. "நீங்க பேச்சியம்மாவான்னு நான் கேட்டா, இவங்களும் ஆமாம்பாங்க, நீங்களும் ஆமாம்பீங்க."

அது சரிதான். நாங்கள் எதற்கும் ஆமாம் சொல்கிற ஆட்கள். சீட்டு எழுதும்போது தவிர, கிளினிக்கில் என்னை யாரும் என் பேர் என்ன என்று கேட்டதில்லை. பேச்சியம்மாவா என்றுதான் கேட்டார்கள்.

என் அம்மா பேர் குருவம்மாள். அந்தப் பேச்சியின் அம்மா பேர் ஒச்சம்மாள். ரெண்டாம் நாள், எங்களுக்கு முன்னால் ராசு சொல்லிவிட்டார். சிஸ்டர், "நிங்கள் மிண்டாதிரி," என்று அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மறுபடி எங்களைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஈறு வலித்தது.

புதன்கிழமை ஜெஸி சிஸ்டர் பார்க்க வந்தார். ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்தார். எப்படி மாறியது என்று சொன்னார். ரத்தம் எடுத்த குழாய்களில் பேர், வீட்டுப் பேர், வயசு மட்டும் ஒட்டியிருந்தது. கிளினிக்கில் வந்த வரிசைப்படி தாளில் எழுதுவார்கள். நான் பக்கத்து ஆள், முதலில் வருவேன். அவள் வேலைக்கு நடுவே வருவாள், பின்னால்தான். குழாய்களைப் பெட்டியில் போடும்போது பின்னால் வந்தது மேலே இருக்கும். லேபில் மேலே இருப்பதை முதலில் எடுப்பார்கள். முதலில் எடுத்ததன் நம்பரை முதலில் போனில் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பேர் வேறு, அதனால் மாறாது. எங்களுக்கு மட்டும் மூணு வாரமும் மாறியது. ஒரு வாரம்கூடத் தவறாமல் மாறியது.

"தப்பு என்னோடதாணு," என்றார் ஜெஸி சிஸ்டர். அவர் கண் நிறைந்திருந்தது.

"நீங்க எல்லாரும் ஒழுங்காத்தான செஞ்சீக?" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியாமல்தான் கேட்டேன். கிளினிக்கிலும் ஒழுங்கு இருந்தது. லேபிலும் ஒழுங்கு இருந்தது. பிறகு எங்கே தப்பு? ஜெஸி சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ஒழுங்கும் தம்மில் பேசல," என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியாது.

நான் அந்தப் பேச்சி பக்கம் திரும்பி, "லயம்னு சொல்லச் சொன்னது நாந்தான்," என்றேன். அஞ்சு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"நீ சொன்னா எனக்கு எங்க போச்சு புத்தி?" என்றாள். பிறகு, "அந்த ஆரஞ்ச உரிச்சுக் குடு. எனக்கு இந்தக் கையி இன்னும் இழுக்குது," என்றாள். உரித்துக் கொடுத்தேன்.

ஜெஸி சிஸ்டர் ஒரு தாளை எடுத்தார். இனிமேல் என்னென்ன செய்வது என்று பெரிய டாக்டரும் டாக்டரம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதாம். யார் வேலையில் இருந்தாலும் ஒரே மாதிரி. நோட்டின் முதல் பக்கத்தில் போட்டோ. குழாயில் ஆளுக்கு ஒரு நம்பர். லேப் போனில் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். போன வாரத்து நம்பரைப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரைக்கும் ஒரே பேச்சுதான், டாக்டரம்மா சொன்னது. மாத்திரை சாயந்திரம் ஆறு மணிக்கு. ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

"வீட்டுப் பேரு இல்லாத்தவருக்கு என்ன எழுதறது?" என்று கேட்டார்.

நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். அம்மா பேர் எழுதுங்கள் என்று. எழுதிக்கொண்டார்.

எனக்கு வியாழக்கிழமை 2.1 வந்தது. பழையபடி மூணு மில்லி. ஈறு ஆறிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போகவில்லை. ரெண்டு நாள் இருக்கிறேன் என்றேன். எதற்கு என்று ராசு கேட்கவில்லை. அவரும் ஸ்டூலை எடுக்கவில்லை.

அவளுக்கு 1.4, 1.7, 2.0 என்று மெதுவாக ஏறியது. ரெண்டரைக்கு மேலே போனால்தான் மிஷினைக் கழற்றுவார்கள். கழற்றினால்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு. வால்வில் இருந்த கட்டி கரைந்துகொண்டு வருவதாக ஸ்கேனில் சொன்னார்கள். வலது கையால் டம்ளரைத் தூக்கப் பழகினாள். பாதித் தண்ணீர் சேலையில் போனது. "காயெடுக்க முடியுமா?" என்று டாக்டரைக் கேட்டாள். "முதல்ல தண்ணி குடிங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் 2.3. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராசு வெளியே போய் மூணு டீ வாங்கி வந்தார். அவள் டம்ளரை இடது கையில் வாங்கப் பார்த்தாள். ராசு வலது கையில்தான் கொடுத்தார். சிந்தாமல் குடித்தாள்.

சனிக்கிழமை காலையில் ரத்தம் எடுத்தார்கள். பத்து மணிக்கு வார்டு சிஸ்டர் சீட்டோடு வந்தார். எங்கள் ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளைப் பார்த்தார்.

"பேரு?"

"பேச்சியம்மா."

"அம்மா பேரு?"

"ஒச்சம்மா."

பட்டையைத் திருப்பிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி பட்டையைப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

2.7.